ஹட்டன் மழையில் உடுப்பு காயணும்: மலையக வீட்டுக்கு வோஷிங் மெஷின் பார்ப்பது

ஷோரூமுக்குள் கால் வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோ வேணும்?" கொழும்பில் அதிலிருந்து ஆரம்பித்தால் தப்பில்லை. மலைநாட்டில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. வீட்டுப் பைப்பில் தண்ணி எந்த விசையில் வருகிறது, ப்ளக் பொயின்டுக்கு எர்த் இருக்கிறதா, மெஷின் பிழிந்து தருகிற உடுப்பில் எவ்வளவு ஈரம் மிஞ்சுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் தலையானது. மே மாதம் மழை பிடித்தால் வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் செப்டம்பர் வரை கொடியில் போட்டது மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைக்காரர்களுக்கு இதே பாடு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். அழுக்கு எந்த மெஷினிலும் போய்விடும். திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் வெள்ளை யூனிஃபோர்ம் காய்ந்திருக்குமா என்பது, ட்ரம்மைச் சுழற்றித் தண்ணியைப் பிழிகிற ஸ்பின் கையில் இருக்கிறது.

ஸ்பின் என்றால் எல்லாரும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மட்டும் பார்க்கிறார்கள். தண்ணியை வெளியே தள்ளுவதில் சுற்றின் வேகத்தோடு ட்ரம்மின் அகலமும் சேர்ந்து வேலை செய்கிறது. வீடுகளில் அதிகம் வாங்குகிற, மேலே மூடி திறந்து உடுப்புப் போடுகிற டொப் லோட் ஃபுல் ஓட்டோ மெஷின்கள் 700 சுற்று அளவில் நின்றுவிடும். முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரொன்ட் லோட் 1000 முதல் 1400 வரை போகும். இரண்டு தொட்டி உள்ள ட்வின் டப்பின் சின்னத் தொட்டி 1300க்குக் கிட்ட சுற்றும். தொட்டி ஒடுக்கமானதால் ஃப்ரொன்ட் லோட் அளவுக்குப் பிழியாது, ஆனால் டொப் லோட் ஃபுல் ஓட்டோவைவிட நன்றாகப் பிழியும். விலை குறைந்தது என்று பலர் ஒதுக்குகிற ட்வின் டப், விலை கூடிய டொப் லோடைவிட உடுப்பைச் சீக்கிரம் காயவைக்கிறது. மழைக்காலத்தில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறொன்றும் இல்லை.

கணக்காகச் சொன்னால், காய்ந்த நிறையில் 1 கிலோ பருத்தி உடுப்பு 1400 சுற்றில் வெளியே வரும்போது ஏறக்குறைய 500 கிராம் தண்ணியைச் சுமந்திருக்கும். 1000 சுற்றில் 600 கிராம். டொப் லோடில் 700 கிராமும் அதற்கு மேலும். 5 கிலோ உடுப்பு போட்டால் ஒரு லீட்டருக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அந்த ஒரு லீட்டரும் இஸ்தோப்பில் கட்டிய கொடியிலிருந்து, மூடுபனிக்குள் ஆவியாகிப் போக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே மெஷின் இருந்தால் சோதிப்பது லேசு. காய்ந்த துவாய் ஒன்றைச் சமையல் தராசில் நிறுங்கள். மற்ற உடுப்போடு போட்டு, ஸ்பின் முடிந்ததும் மறுபடி நிறுங்கள். 500 கிராம் துவாய் 800க்குள் வந்தால் நல்ல ஸ்பின். 900ஐத் தாண்டினால் ஸ்பின்னை இன்னொரு தடவை தனியாக ஓட்டிவிட்டுத்தான் கொடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ட்ரையரும் சேர்ந்த மெஷின் வாங்கலாமா என்ற கேள்வி மழைக்காலத்தில் தவறாமல் வரும். அவற்றில் துவைக்கிற அளவு ஒன்று, காயவைக்கிற அளவு வேறொன்று. 8 கிலோ துவைப்பது 5 கிலோதான் காயவைக்கும் என்று அதன் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். துவைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிட்டுத்தான் ட்ரையரைப் போட வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று அலகுக்கு மேல் கரண்ட் இழுக்கும். சில வகைகள் காயவைக்கும்போதும் குழாய்த் தண்ணி எடுக்கும். கரண்ட் பில் பற்றிக் கவலைப்படாத வீட்டுக்குச் சரி. மற்றவர்கள் அந்தக் காசில் 1200 சுற்றுக்கு மேல் போகிற ஃப்ரொன்ட் லோட் ஒன்றை எடுத்து, மிச்சத்தில் கூரையின் ஒரு பக்கத்துக்கு வெளிச்சம் விழுகிற தகடு போட்டு, அதன் கீழே காற்றுப் போகிற மாதிரி நாலு கொடி கட்டினால் புத்தி. அடுப்புக்கு மேலே கொடி கட்டுவது பழைய வழக்கம்தான். வெள்ளை உடுப்பில் புகைக் கறை ஏறினால் இறங்காது.

அடுத்தது தண்ணி. மலைநாட்டில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளுக்குக்கூடத் தண்ணி விசை ஒன்றாக இருக்காது. பீலியிலிருந்து (மலை ஊற்றிலிருந்து) கறுப்புப் பைப்பில் நேரே வருவது ஒன்று, தோட்டத்து டேங்கிலிருந்து வருவது ஒன்று, கூரைக்குப் பக்கத்தில் 500 லீட்டர் டேங்க் வைத்து எடுப்பது இன்னொன்று. உயரத்தில் 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 பார் விசை என்பது கணக்கு. ஃப்ரொன்ட் லோட் மெஷின்கள் பெரும்பாலும் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கும்; டேங்கின் தண்ணி மட்டம் மெஷினின் வாயிலிருந்து 3 முதல் 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்று அர்த்தம். கூரை ஓரத்து டேங்க் இரண்டு மீட்டர்கூடத் தராது.

விசை போதாவிட்டால் என்ன நடக்கும்? மெஷினுக்குப் பின்னால் பைப் பூட்டுகிற இடத்தில் உள்ள வால்வுக்குள் ஒரு ரப்பர் தகடு இருக்கிறது. வால்வை இறுக்கி மூடுவது கரண்ட் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணியின் சொந்த விசைதான் அந்த ரப்பரை அழுத்தி மூடி வைக்கிறது. விசை இல்லாத இடத்தில் அது முழுசாக மூடாது. மெஷின் நிறுத்தியிருக்கும்போதும் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, விடியும்போது ட்ரம்மில் அரை வாளி தண்ணி நிற்கும். கடைக்குத் தொலைபேசி எடுத்து "மெஷின் பழுது" என்று சொல்வார்கள். வந்து வால்வை மாற்றுவார்கள். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. வால்வில் குற்றமில்லை, டேங்கின் உயரத்தில்தான் குற்றம். மெஷின் தண்ணி நிரப்பும்போதும் இதே சிக்கல்: குறித்த நேரத்துக்குள் மட்டம் ஏறாவிட்டால் பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும்.

கடைக்குப் போக முதல் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் நிற்கப்போகிற இடத்துக் குழாயை முழுசாகத் திறந்து 10 லீட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் நல்லது. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சம் தெரிகிற ஹோஸ் ஒன்றைக் குழாயில் இறுக்கிப் பூட்டி, மறுமுனையை மேலே தூக்கிக்கொண்டே போங்கள். எந்த உயரத்தில் தண்ணி வெளியே வராமல் நிற்கிறதோ, அத்தனை மீட்டர்தான் உங்கள் விசை. கூரையைத் தாண்டியும் கொட்டுகிறதென்றால் கவலையில்லை. இந்தச் சோதனையை ஊரெல்லாம் தண்ணி பிடிக்கிற காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். மத்தியான விசையை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

விசை கூடிப்போகிற வீடும் மலையில் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பீலி 80, 100 மீட்டர் மேலே இருந்து நடுவில் டேங்க் இல்லாமல் பைப் நேரே இறங்கினால், குழாயை மூடியதும் 8, 10 பார் ஏறும். மெஷின்கள் தாங்குகிற உச்சமே அவ்வளவுதான். ராத்திரியில் எல்லாரும் குழாயை மூடியபின் ஹோஸ் வெடித்து வீடு நனைவது இதனால்தான். வீட்டுக்கு 10, 15 மீட்டர் மேலே மிதவை வால்வோடு சின்ன டேங்க் ஒன்றை இடையில் வைத்தால் இரண்டு கஷ்டமும் ஒரே அடியில் தீரும்: விசை அளவாகும், மண்ணும் அதில் அடையும். அது முடியாவிட்டால் விசை குறைக்கிற வால்வு பூட்ட வேண்டும். எப்படியிருந்தாலும் துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடுவது பழக்கமாக வேண்டும்.

மழைக்குப் பிறகு வருகிற மண் கலந்த தண்ணி முதலில் அடைப்பது வால்வின் வாயில் உள்ள சின்ன வலையை. குழாயை மூடி, ஹோஸைக் கையால் கழற்றி, வலையின் நடுக் காதைக் குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை. வலையை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டக் கூடாது. ஒரு மணல் துணிக்கை ரப்பர் தகட்டுக்கடியில் சிக்கினால் மேலே சொன்ன சொட்டு ஆரம்பிக்கும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. நம் மலைத்தண்ணி மென்மையானது, சுண்ணாம்பு மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணிக்கும் தமிழ்நாட்டு போர்வெல் தண்ணிக்கும் எழுதப்பட்ட யோசனைகள், உப்புப் படிவு நீக்குகிற தூள் எல்லாம் இங்கே அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் மென்தண்ணியில் நுரை கூடப் பொங்கும். பெட்டியில் போட்ட அளவில் பாதி தூள் போதும். ஃப்ரொன்ட் லோடில் நுரை அதிகமானால் அந்த நுரையே உடுப்புக்கு மெத்தையாகி அடிபட விடாது. பம்ப் நுரையை இழுக்கத் திணறும். ஸ்பின் வேகம் எடுக்காமல் தடுமாறி, உடுப்பு ஈரமாகவே வெளியே வரும். ஸ்பின் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட முதல் தூளைக் குறைத்துப் பாருங்கள்.

கழிவுத் தண்ணி போகிற பைப்பில்தான் மலை வீடுகளில் வேடிக்கையான பழுது வரும். கான் (கழிவுத் தண்ணி வாய்க்கால்) எப்போதும் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கும். ஹோஸை அப்படியே இறக்கிக் கானுக்குள் விட்டுவிடுவார்கள். பம்ப் உள்ள மெஷினில், ஹோஸின் முனை ட்ரம்மின் தண்ணி மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் ஒரு தடவை ஓடத் தொடங்கிய தண்ணி தானாக இழுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் நிரம்ப, மறுபக்கம் வடியும். மணிக்கணக்கில் சுவிட்ச் போட்டபடி கிடக்கும், துவைக்கத் தொடங்காது, டேங்க் காலியாகும். மருந்து சின்னது: தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் பிவிசி பைப் ஒன்றின் வாய் நிற்கட்டும். ஹோஸின் கொக்கியை அதற்குள் ஒரு சாண் விட்டு மாட்டுங்கள். பைப் ஹோஸைவிட அகலமாக இருந்து, சுற்றிக் காற்றுப் போக இடம் இருக்க வேண்டும். டேப் சுற்றி அடைத்தால் மறுபடி இழுக்கும். அந்தப் பைப்பின் அடி எவ்வளவு பள்ளத்துக்கும் போகலாம். ட்வின் டப்புக்கு இது நேர்மாறு. பெரும்பாலானவற்றில் பம்ப் இல்லை, தண்ணி தானாக இறங்க வேண்டும், அதனால் ஹோஸ் தரையோடு படுத்து இறக்கமாகப் போக வேண்டும். வாசற்படியைத் தாண்டத் தூக்கினால் தொட்டியில் தண்ணி தங்கிவிடும். எதுவானாலும் சவர்க்காரத் தண்ணி கீழ் லயத்துக்காரர் தண்ணி எடுக்கிற ஊற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மேட்டில் இருப்பவர் செய்வது பள்ளத்தில் இருப்பவர் தலையில்தான் வந்து விழும்.

கரண்ட் விஷயம். தண்ணி சூடாக்குகிற ஃப்ரொன்ட் லோடின் ஹீட்டர் 2000 வொட் அளவில் இருக்கும், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர். லைட்டுக்கு இழுத்த பழைய வயரில் 5 அம்பியர் பொயின்ட் ஒன்றைத் தட்டி, அதில் அடப்டர் செருகி ஓட்டினால் பிளாஸ்டிக் உருகுகிற மணம் வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ட், ட்ரிப் சுவிட்ச் இவ்வளவும் வேண்டும். மெஷினின் உடம்பைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? அநேகமாக மெஷின் பழுதாயிருக்காது. உள்ளே இருக்கிற கரண்ட் ஃபில்டர் வழியாக வருகிற சின்னக் கசிவு இறங்கிப் போக எர்த் இல்லாததால் உடம்பில் நிற்கிறது. "சும்மா லேசாத்தான் அடிக்குது" என்று விட்டுவிடக் கூடாது. நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற பொருள் இது. எர்த் கம்பியை வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பிறகுதான் பாவிக்க வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபோமருக்கு வெகுதூரத்தில் இருக்கிற தோட்டங்களில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு வோல்டேஜ் இறங்கும். ட்வின் டப்பின் மோட்டர் அப்போது சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகும். உடனே நிறுத்துங்கள், முனகவிட்டால் சுருள் சூடாகிக் கருகும். பகலிலும் முனகினால் கப்பாசிட்டர் பலவீனம், அது மலிவான உதிரிப்பாகம். இன்வேர்ட்டர் மோட்டர் உள்ளவை ஏற்ற இறக்கத்தைக் கூடத் தாங்கும், ஆனால் அவற்றின் எலெக்ட்ரோனிக் போர்ட் இடிக்குப் பயந்தது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வருகிற நாட்களில் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ப்ளக்கைக் கழற்றி வையுங்கள். ஸ்டெபிலைசர் வாங்குவதானால் ஹீட்டரையும் சேர்த்துச் சுமக்கிற 3 கேவிஏ அளவாவது வேண்டும். டிவிக்கு விற்கிற சின்னப் பெட்டி உதவாது.

சூடாக்குகிற வசதிக்குக் காசு கொடுக்கலாமா? நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பமே 16 பாகைக்குப் பக்கம். அந்தத் தண்ணியில் தூள் சரியாகக் கரையாமல் கறுப்பு உடுப்பில் வெள்ளைத் திட்டாக ஒட்டும். 15 லீட்டரை 16லிருந்து 40 பாகைக்குக் கொண்டுவர 0.4 அலகுக்குக் கொஞ்சம் மேலே போகும். மாதம் இருபது தடவை என்றால் 8, 9 அலகு. மாதம் 60 அலகின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அதுவே அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றிவிடும். ட்வின் டப் வைத்திருப்பவர்கள் விறகடுப்பில் கொதிக்க வைத்தே சமாளிக்கலாம்: 40 லீட்டர் குளிர்ந்த தண்ணிக்கு 5 லீட்டர் கொதிதண்ணி ஊற்றினால் 25 பாகை அளவு வரும், தூள் கரைய அது போதும். முதலில் குளிர்ந்த தண்ணி, பிறகுதான் கொதிதண்ணி. மாறி ஊற்றினால் பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கலாம்.

சூட்டில் ஒரு பொல்லாப்பும் உண்டு. கொழுந்து மலையிலிருந்து வருகிற உடுப்பில் அட்டை கடித்த இரத்தம் இருக்கும். அதை நேரே 40 பாகையில் போட்டால் கறை வெந்து நூலோடு பிடித்துக்கொள்ளும், பிறகு எதைப் போட்டாலும் பழுப்பு வட்டம் போகாது. பச்சைத் தண்ணியில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கிய பிறகு மெஷினுக்குள் போடுங்கள். படங்கை மெஷினில் போடவே வேண்டாம். தண்ணி புகாத துணி ஸ்பின்னில் தண்ணியைப் பை மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் கனத்து, மெஷினையே தூக்கி அடிக்கும். யூனிஃபோர்மின் கீழ்விளிம்பில் ஏறிய செம்மண்ணைக் காயவிட்டு உதிர்த்துவிட்டு ஊறப்போடுங்கள். ஈரமண்ணோடு போட்டால் மற்ற வெள்ளைகளும் மங்கும்.

கிலோ கணக்குக்கு இப்போது வரலாம். ஐந்து பேர் வீட்டுக்கு 7 கிலோ தாராளம். அதற்கு மேலே போகவைப்பது கம்பளிதான். இரட்டைக் கட்டில் கம்பளி காய்ந்தே 3, 4 கிலோ வரும், அதன் பருமன் அதைவிடப் பெரியது. 7 கிலோ ட்வின் டப்பில் அது துவைக்கிற தொட்டிக்குள் போகும், ஸ்பின் தொட்டிக்குள் நுழையாது. குளிர்காலத்தில் ஆளுக்கொரு கம்பளி பாவிக்கிற வீடு என்றால் 8 அல்லது 9 கிலோ ஃப்ரொன்ட் லோட் பார்ப்பது சரி.

அதை வீட்டுக்குக் கொண்டுபோவது தனி வேலை. ஃப்ரொன்ட் லோட் 60, 70 கிலோ நிறை. ஆட்டத்தை அடக்க உள்ளே கொங்கிறீட் கட்டி வைத்திருக்கிறார்கள். ட்வின் டப் 25 கிலோவுக்கு உள்ளேதான், இரண்டு பேர் படிக்கட்டில் இறக்கலாம். லொறி எந்த இடம் வரை வரும், அங்கிருந்து எத்தனை படி, கதவு எத்தனை அகலம் என்று அளந்து வைத்துவிட்டுப் பேசுங்கள். ஃப்ரொன்ட் லோடின் பின்பக்கத்தில் ட்ரம்மை அசையாமல் பிடிக்கிற மூன்று, நான்கு நீளமான போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் முதல் ஸ்பின்னிலேயே குசினிக்குள் நடை போகும், பேரிங்கும் போகும். கழற்றியதைப் பையில் போட்டு மெஷினின் முதுகில் ஒட்டி வையுங்கள். வேறு வீட்டுக்கு மாறும்போது அவற்றைத் திரும்பப் பூட்டாமல் தோட்டத்துப் பாதையில் ஏற்றினால், இறங்கும்போது ஸ்பிரிங் கழன்றிருக்கும். தரை சமமாக இல்லாவிட்டால் காலைத் திருகிச் சமப்படுத்துங்கள், பலகை வைக்க வேண்டாம்; மேலே வைத்த தண்ணிக் கிளாஸ் ஸ்பின்னில் நகராமல் நின்றால் சரி.

ஆகவே குழாயில் 3 மீட்டர் விசை இல்லாத வீட்டுக்கும், வயரிங் மாற்ற முடியாத லயன் காம்பராவுக்கும் ட்வின் டப். குனிந்து நிமிர்ந்து உடுப்பு மாற்றுகிற வேலை உண்டு, ஒரு தடவைக்கு 100 லீட்டரைத் தாண்டித் தண்ணி போகும். ஆனால் பீலித் தண்ணிக்குப் பில் இல்லை, கெட்டால் டவுனில் யாரும் திருத்துவார்கள். விசையும் எர்த்தும் உள்ள வீட்டுக்கு ஃப்ரொன்ட் லோட், 50, 60 லீட்டரில் முடித்துவிடும். டொப் லோட் ஃபுல் ஓட்டோ கொழும்பு வெயிலுக்குப் பொருந்துகிறது. முதுகு வலியால் குனிய முடியாதவர்களுக்கு மட்டும் இங்கே சொல்லலாம்.

உத்தரவாதத்தில் "10 வருடம்" என்று பெரிதாகப் போட்டிருப்பது அநேகமாக மோட்டருக்கு மட்டும். மோட்டர் லேசில் கெடாது. கெடுவது போர்ட், பம்ப், வால்வு, கதவு ரப்பர். அவற்றுக்கு எத்தனை வருடம், திருத்துபவர் எந்த டவுனிலிருந்து வருவார், தோட்டம் வரை வரும் வாகனச் செலவு யாருடையது என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தவணையில் எடுப்பவர்கள் மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, முதல் கட்டிய பணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கதவு ரப்பர்தான் கவனம் கேட்கும். நம் ஈரக்காற்றில் ஃப்ரொன்ட் லோடின் கதவை மூடி வைத்தால் இரண்டு வாரத்தில் மடிப்புக்குள் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்து முடிந்ததும் மடிப்பைத் துணியால் துடைத்து, கதவையும் தூள் தட்டையும் திறந்தே விடுங்கள். மாதம் ஒரு தடவை வெறும் ட்ரம்மை 60 பாகையில் ஓட்டுங்கள். ப்ளீச் போடுவதானால் வினிகரை அதோடு சேர்க்க வேண்டாம், நச்சுப் புகை வரும். அடிப்பக்கம் திறந்த மெஷின்களில் மழைக்கு ஒதுங்க எலி ஏறி வயரைக் கடிக்கும். கம்பி வலை ஒன்றை அடியில் அடித்து, ஹோஸ் போகிற ஓட்டையைச் சுற்றியும் அடைத்துவிடுங்கள்.